தைரொயிட்டுக் குறைபாடும் குளிசையும்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காத்தான்குடியிலும் கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் கிளினிக் நாட்களில் மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வைத்தியரிடம் கேட்க நேரம் கிடைக்காத கேள்விகளும் கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளும் கடைசியில் மருந்து கொடுப்பவரிடம் வந்து சேரும். தைரொயிட்டுக் குறைபாடு, ஓமோன் நோய்களுக்குள் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒன்று. அப்படியிருந்தும் ஒழுங்காகக் குளிசை எடுக்கத் தெரியாமல் வருடக்கணக்காகக் களைத்துத் திரிபவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லாமல் அதே குளிசையை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் பற்றி ஆராய்ச்சிகள் தெளிவாகப் பேசியிருக்கின்றன. அவை நமது ஊருக்கு வந்து சேரவேண்டும் என்பதுதான் இதை எழுதுவதன் நோக்கம். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வைத்தியரின் வேலை. இதை வாசித்துவிட்டு நீங்களாக மாற்ற வேண்டாம்.

ரி.எஸ்.எச். கூடியிருக்கிறது என்று றிப்போட்டில் இருக்கிறது. ஆனால் வைத்தியர் தைரொயிட்டு குறைவு என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. தைரொயிட்டுச் சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. அது சுரக்கும் தைரொக்சின் என்ற ஓமோன்தான் உடலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. குளிசையில் இருப்பதும் அதுதான். ரி.எஸ்.எச். அங்கே சுரப்பதில்லை, மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியிலிருந்து வருகிறது. தைரொயிட்டை வேலை செய்யச் சொல்லும் கட்டளை அது. வயலுக்குள் நிற்பவருக்குக் காது கேட்காவிட்டால் வரம்பில் நிற்பவர் சத்தத்தைக் கூட்டுவார் அல்லவா? அதுபோல் தைரொயிட்டு சோர்ந்தால் ரி.எஸ்.எச். ஏறுகிறது. தைரொயிட்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் ரி.எஸ்.எச். இறங்கிவிடுகிறது.

பெரும்பாலான ஆய்வுகூடங்கள் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரையைச் சாதாரண அளவாகக் கொள்கின்றன. கூடங்களுக்கிடையே சிறு வேறுபாடு உண்டு; எனவே முடிந்தவரை ஒரே இடத்தில் பரிசோதியுங்கள். இரத்தத்தில் இவ்வளவு நுண்ணிய அளவில் உள்ள ஓமோனை அளக்கும் வழியை அமெரிக்காவில் ரொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் 1950களின் இறுதியில் இன்சுலினை அளப்பதற்காக உருவாக்கினார்கள். அதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னர் வைத்தியர்கள் நோயாளியின் முகத்தையும் நாடியையும், துல்லியம் குறைந்த பரிசோதனைகளையும் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நாங்கள் கடல் மீன் சாப்பிடும் ஊர். எங்களுக்கு ஏன் தைரொயிட்டு வருகிறது?

தைரொக்சினை ஆக்கச் சுரப்பிக்கு அயடீன் என்ற சத்து வேண்டும், கடல் மீனில் அது இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் இருப்பது மட்டும் காப்பாற்றாது. 1989இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில் 17 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 59,000 பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். மொத்தத்தில் 18.8 சதவீதத்தினருக்குக் கண்டக்கழலை, அதாவது கழுத்தில் தைரொயிட்டு வீக்கம், இருந்தது. மிகக் குறைவு மாத்தளையில், 6.5 சதவீதம். மிகக் கூடுதல் களுத்துறையில், 30.2 சதவீதம். களுத்துறையும் கடலோர மாவட்டம்தான். ஈரவலயத்தில் பெருமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்வது இதற்கு ஒரு விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

அந்தக் காலம் மாறிவிட்டது. 1995 முதல் இலங்கையில் சமையலுக்கு விற்கும் உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அயடீன் போதிய அளவில் கிடைக்கும் சமூகங்களில் தைரொயிட்டுக் குறைவுக்கு முதன்மைக் காரணம் வேறு: உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குவது. ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் இதை விவரித்தார். அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது.

உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கிய பின்னர் இலங்கைப் பாடசாலைச் சிறுமியரிடம் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் தாக்கும் பொருட்கள்) கூடுதலாகக் காணப்பட்டதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர் அயடீன் இல்லாத உப்பைத் தேடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அயடீன் குறைந்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அந்த இழப்பைப் பிறகு எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது.

உப்பை எப்படி வைப்பது?

மூடியுள்ள போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். ஈரமும் வெயிலும் அயடீனைக் குறைக்கும். கறி இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அயடீன் தண்ணீரோடு போய்விடும். பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். குறைத்துப் போடும் உப்பு அயடீன் உப்பாக இருந்தால் போதும்.

கோவா, மரவள்ளி, சோயா மீற் சாப்பிடக்கூடாதா?

சாப்பிடலாம். மரவள்ளியிலும் கோவாவிலும் தைரொயிட்டுக்கு இடைஞ்சலான பொருட்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை பிரச்சினையாவது அயடீன் மிகக் குறைந்த இடங்களில், மரவள்ளியே மூன்று வேளையும் உணவாக இருக்கும்போது. அவித்த மரவள்ளியை மீன்குழம்போடு வாரத்தில் ஓரிரு நாள் சாப்பிடுபவர் பயப்படத் தேவையில்லை. சோயா தைரொயிட்டைக் கெடுப்பதில்லை. குளிசை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. குளிசை போட்டு சில மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.

குளிசையை எப்படி எடுப்பது? மாதக்கணக்காகப் போட்டும் ரி.எஸ்.எச். இறங்கவில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். ரி.எஸ்.எச். இறங்காதபோது அளவைக் கூட்டுவதற்கு முன்னர் கேட்க வேண்டியது, குளிசை எதோடு வயிற்றுக்குள் போகிறது என்பதுதான்.

தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, காலைச் சாப்பாட்டுக்கு முப்பது முதல் அறுபது நிமிடங்களுக்கு முன்னர் எடுக்க வேண்டியது. பால்தேநீரோடு போட்டால் அது வெறும் வயிறு ஆகாது. கோப்பியோடு சேர்த்து எடுத்தால் உறிஞ்சல் குறைகிறது என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். எழுந்தவுடன் பிளேன்டீ குடிக்காமல் இருக்க முடியாதவர்கள் குளிசையை முதலில் விழுங்கிவிட்டு, முற்றம் கூட்டி, பிள்ளைகளை எழுப்பி, அதன் பிறகு அடுப்பில் கேத்தலை வைக்கலாம்.

இரும்புச்சத்துக் குளிசைதான் மிகப் பெரிய குற்றவாளி. 1992இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்த 14 பேருக்குத் தைரொக்சினையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரத்தில் சராசரி ரி.எஸ்.எச். 1.6இலிருந்து 5.4ஆக ஏறியது. அவர்கள் விழுங்கிய தைரொக்சின் குளிசையின் அளவு மாறவே இல்லை. கல்சியமும் இதையே செய்கிறது. 2000இல் வெளியான வேறோர் ஆய்வு அதைக் காட்டியது. இரண்டுக்கும் தைரொக்சினுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுங்கள். தைரொக்சின் அதிகாலையில், இரும்பு மத்தியானம், கல்சியம் இரவில் என்று பிரித்துவிட்டால் குழப்பம் வராது.

நெஞ்செரிவுக்கு ஓமெப்ரசோல் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் தைரொக்சின் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். கிளினிக் ஒன்று, தனியார் வைத்தியர் இன்னொன்று, பாமசியில் கேட்டு வாங்கியது வேறொன்று என்று மருந்துகள் சேரும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பெயரைச் சொல்வதைவிட அதுவே நல்லது.

அளவு மாற்றிய பிறகு அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாட்கள் எடுக்கும்; அது நிலைப்படவும் அதற்கேற்ற காலம் வேண்டும். இரண்டு வாரத்தில் பணம் கட்டிப் பார்க்கும் பரிசோதனை உங்களைக் குழப்ப மட்டுமே செய்யும்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது?

நோன்பை விடத் தேவையில்லை. தைரொக்சின் நாளுக்கு ஒரு முறை எடுக்கும் மருந்து. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சஹர் உணவுக்கு அரை மணி நேரத்துக்காவது முன்னர் எழுந்து தண்ணீரோடு விழுங்குவது. மற்றது, இரவில் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுப்பது. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில் படுக்கும் நேரத்தில் தைரொக்சின் எடுத்தவர்களின் ரி.எஸ்.எச். காலையில் எடுத்தவர்களைவிட நன்றாக இறங்கியிருந்தது. ஆகவே இரவில் எடுப்பது குறைந்த வழி என்று எண்ண வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், இஃப்தாருக்குப் பின் கஞ்சி, பலகாரம், தறாவீஹ் தொழுகை, பிறகு மீண்டும் சாப்பாடு என்று இரவு முழுவதும் வயிறு வெறுமையாவதே இல்லை. அப்படியான வீட்டில் சஹருக்கு முன்னர் எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தண்ணீரையும் குளிசையையும் படுக்கையருகே வைத்துக்கொண்டு, அலாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வையுங்கள். கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கும் இதே கணக்குத்தான்: அதிகாலையில் தண்ணீரோடு. தண்ணீரும் அருந்தாத விரதம் என்றால், அது தொடங்குவதற்கு முன்னரோ முடித்துச் சாப்பிடுவதற்கு முன்னரோ எடுங்கள்.

இந்தக் குளிசை மிருகத்திலிருந்து எடுப்பதா?

இக்காலத் தைரொக்சின் ஆய்வுகூடத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. சந்தேகம் எழுந்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர் ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாக ஏற்றினார். முகம் வீங்கி, பேச்சுத் தடித்து, எழும்ப முடியாமல் இருந்த அவர் தேறி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். ஓமோன் குறைபாட்டை வெளியிலிருந்து ஓமோன் கொடுத்துச் சரிசெய்யலாம் என்பதை மருத்துவ உலகம் கண்ணால் கண்டது அப்போதுதான். இன்சுலின் அதற்கு 30 ஆண்டுகள் கழித்தே வந்தது.

1914 டிசம்பர் 25ஆம் திகதி அமெரிக்காவில் எட்வேர்ட் கென்டல் தைரொக்சினைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று தொன் பன்றித் தைரொயிட்டிலிருந்து கிடைத்தது 33 கிராம். 1927இல் சார்ள்ஸ் ஹரிங்டனும் ஜோர்ஜ் பாகரும் அதை மிருகம் இல்லாமலே ஆக்கிக் காட்டினார்கள். காய்ந்த பன்றித் தைரொயிட்டுக் குளிசை இன்றும் சில நாடுகளில் விற்பனையாகிறது. வெளிநாட்டு உறவினர் இணையத்தில் வாங்கி அனுப்பினால் உறையை வாசித்துப் பாருங்கள். குளிசையைத் திரட்டச் சேர்க்கும் பொருள்கள் கம்பனிக்குக் கம்பனி மாறும். அதில் ஐயம் இருந்தால் பாமசியில் உறையைக் காட்டிக் கேளுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?

நினைவு வந்ததும் எடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால், பெரும்பாலானவர்கள் அன்றைய குளிசையோடு சேர்த்து எடுக்கலாம். இதய நோய் உள்ளவர்களும் வயோதிபர்களும் அப்படிச் செய்ய வேண்டாம், ஒன்றோடு நிறுத்துங்கள்.

தைரொக்சின் எடுக்கிறேன். குழந்தை உண்டாகியிருக்கிறது. மருந்தை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தவே கூடாது. இந்தப் பயத்தில் மாமியார் சொல்லியோ அயலவர் சொல்லியோ நிறுத்துபவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் மூன்று மாதங்களில் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத் தன் தைரொயிட்டு வேலை செய்வதில்லை. தாயின் தைரொக்சினை நம்பியே அதன் மூளை உருவாகிறது.

மருந்து இன்னும் கூடுதலாகத்தான் தேவைப்படும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று தைரொக்சின் எடுத்துவந்த பெண்களின் 20 கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்தது. அவற்றில் 17இல் அளவைக் கூட்ட வேண்டி வந்தது. கர்ப்பத்தின் முதற் பாதியில் தேவை சராசரியாக 47 சதவீதம் ஏறியது. ஏற்றம் ஐந்தாம் வாரத்திலேயே தொடங்கியது. ஐந்தாம் வாரம் என்றால் மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போன நேரம்; பலர் இன்னும் பரிசோதித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே வைத்தியரிடம் பேசி வைக்க வேண்டும். உறுதியானவுடன் வாரத்துக்கு இரண்டு குளிசை கூடுதலாக எடுக்கத் தொடங்கும்படி வைத்தியர்கள் பலர் முன்கூட்டியே சொல்லிவைப்பது இந்தக் காரணத்தால்தான்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரும்பு, போலிக் அமிலம், கல்சியம் தருவார்கள். மேலே சொன்ன நான்கு மணி நேர இடைவெளி மிக அவசியமாகும் காலம் இது. தைரொக்சின் எடுப்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். ரி.எஸ்.எச். சரியாக இருந்து, பிறபொருளெதிரி மட்டும் காணப்பட்டால் தைரொக்சின் கருக்கலைவைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த காலம் இருந்தது. பிரித்தானியாவில் அத்தகைய 952 பெண்களிடம் செய்து 2019இல் வெளியான சோதனையில், குளிசை எடுத்தவர்களில் 37.4 சதவீதத்தினரும் மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 37.9 சதவீதத்தினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். வேறுபாடு இல்லை.

பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஏன் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள்?

பிறவியிலேயே தைரொயிட்டு இல்லாத, அல்லது வேலை செய்யாத குழந்தையைக் கண்டுபிடிக்க. உலகளவில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. அந்தக் குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. அழும், பால் குடிக்கும். அறிகுறி தெரியும்போது மூளைக்குப் பாதிப்பு நடந்துவிட்டிருக்கும். காய்ந்த இரத்தத்துளியில் இதைப் பரிசோதிக்கும் முறையைக் கனடாவின் கியூபெக்கில் ஷான் டுசோ 1970களில் தொடக்கிவைத்தார். அதிலிருந்து எத்தனையோ நாடுகளில் பிள்ளைகள் சாதாரணமாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மருந்து இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வீட்டுக்கு அழைப்பு வந்தால் அன்றைக்கே போங்கள். குளிசையைப் பொடித்துச் சிறிது தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து உடனே கொடுக்கலாம். முழுப் போத்தல் பாலில் கலக்காதீர்கள். பிள்ளை மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும்.

பிள்ளை பெற்று நான்கு மாதம். படபடப்பு, பிறகு சோர்வு. எல்லோரும் மனக்கவலை என்கிறார்கள்.

மனக்கவலையாகவும் இருக்கலாம், ஆனால் ரி.எஸ்.எச். பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. பிரசவத்துக்குப் பின் சுமார் இருபதில் ஒரு பெண்ணுக்குத் தைரொயிட்டு அழற்சி வருகிறது. முதலில் சேமித்த ஓமோன் கசிந்து படபடப்பு, பிறகு ஓமோன் தீர்ந்து சோர்வு. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாகும். சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் இரத்தப்பெருக்கு மிகக் கடுமையாக இருந்து, பிறகு பால் சுரக்கவே இல்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, வருடக்கணக்காக ஓயாத களைப்பு என்றால் கபச்சுரப்பியே சேதமடைந்திருக்கலாம். பிரித்தானிய நோயியல் வைத்தியர் ஹரோல்ட் ஷீஹன் 1937இல் விவரித்த நிலை இது. இதில் ரி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் சாதாரணமாகத் தெரியலாம், ஏனெனில் கட்டளை போடும் இடமே பழுதாகிவிட்டது. ரி4 அளவையும், அதாவது இரத்தத்திலுள்ள தைரொக்சினையும், பார்க்க வேண்டும். இவர்களுக்குக் கபச்சுரப்பியின் கட்டளையில் சுரக்கும் இன்னோர் ஓமோனான கோர்ட்டிசோலின் குறைவையும் சரிசெய்யாமல் தைரொக்சினை முதலில் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. படுவான்கரையிலும் எல்லையோரக் கிராமங்களிலும் போர்க்காலத்தில் வைத்தியசாலைக்குப் போக வழியின்றிப் பிள்ளை பெற்ற தாய்மார் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் காலமெல்லாம் களைப்பு என்று சொன்னால், அந்தப் பிரசவத்தைப் பற்றியும் கேளுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. ரி.எஸ்.எச். 6.5, ரி4 சாதாரணம். குளிசை தொடங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. வயது ஏற ரி.எஸ்.எச். சற்று ஏறுவது இயல்பு. முதலில் இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். காய்ச்சலில் வாட்டில் இருந்தபோது எடுத்த பரிசோதனை என்றால் அதை நம்பவே வேண்டாம். கடும் நோய் இந்த அளவுகளைக் குழப்பும்.

இதே நிலையிலிருந்த, 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் ஐரோப்பாவில் செய்த சோதனை 2017இல் வெளியானது. பாதிப் பேருக்குத் தைரொக்சின், மீதிப் பேருக்கு வெற்றுக் குளிசை. ஒரு வருடம் கழித்து ரி.எஸ்.எச். இறங்கியது, களைப்போ மற்ற அறிகுறிகளோ வெற்றுக் குளிசைக்காரரைவிடக் குறையவில்லை. றிப்போட்டு திருந்தியது, ஆள் திருந்தவில்லை. 2019இல் ஒரு சர்வதேசக் குழு இந்த நிலையிலுள்ள வயதுவந்தவர்களுக்குத் தைரொக்சின் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. பிள்ளைக்கு முயலும் பெண்கள், ரி.எஸ்.எச். 20க்கு மேல் உள்ளவர்கள், கடும் அறிகுறி உள்ளவர்கள், 30 வயதுக்குட்பட்டவர்கள் ஆகியோருக்கு அது பொருந்தாது.

வயதானவருக்குத் தைரொக்சின் கூடிப்போனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். அம்மாவின் களைப்புக்கு இரத்தச்சோகை, சீனி, தூக்கமின்மை, தனிமை என்று வேறு காரணங்களைத் தேடுவதுதான் அவருக்குச் செய்யும் நன்மை.

உடம்பு பெருத்ததற்குத் தைரொயிட்டுதானே காரணம்?

ஓரளவுக்கு மட்டும். தைரொயிட்டுக் குறைவால் கூடும் எடை பொதுவாக இரண்டு முதல் ஐந்து கிலோ. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோவுக்கு அது பொறுப்பாகாது. மெலிவதற்காகத் தைரொக்சின் எடுப்பது ஆபத்தான வேலை.

முடி உதிர்வுக்கு பயோட்டின் குளிசை வாங்கிப் போடுபவர்கள் கவனிக்க: அது சில ஆய்வுகூடக் கருவிகளை ஏமாற்றி, இல்லாத தைரொயிட்டு நோயை இருப்பதாகக் காட்டும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னர் நிறுத்துங்கள்.

எனக்குத் தைரொயிட்டு கூடிவிட்டது. காபிமசோல் தந்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

காய்ச்சலையும் தொண்டை நோவையும். காபிமசோல் நல்ல மருந்து. ஆனால் ஆயிரத்தில் சிலருக்கு வெண்குருதிக் கலங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. காய்ச்சலோ, தொண்டை நோவோ, வாய்ப்புண்ணோ வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே முழு இரத்தக்கல எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

நமது பக்கத்தில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. மாரி மழை பெய்யும் மாதங்களில் காய்ச்சல் என்றாலே டெங்கு என்று நினைப்போம். டெங்கும் வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும். நீங்கள் காபிமசோல் எடுப்பது வைத்தியருக்குத் தெரியாவிட்டால், குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து அவரும் டெங்கு என்றே எண்ணக்கூடும். நீங்கள் குளிசையைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். காய்ச்சலோடு போகும் எந்த இடத்திலும் முதலாவதாக அந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

பிள்ளைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். கண் பிதுங்கியிருப்பவர்கள் புகைபிடித்தால் கண் நோய் மோசமாகும்.

ஸ்கானில் கழுத்தில் சிறு கட்டி இருக்கிறதாம். புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. தைரொயிட்டுக் கட்டிகள் மிகச் சாதாரணமானவை; பத்தில் ஒன்பதுக்கு மேல் தீங்கற்றவை. கட்டியின் அளவையும் தோற்றத்தையும் பார்த்தே ஊசியால் கலம் எடுத்துப் பரிசோதிப்பதா என்று முடிவெடுப்பார்கள். குரல் மாறினால், விழுங்கக் கஷ்டமானால், கட்டி வேகமாக வளர்ந்தால் தாமதிக்காதீர்கள்.

எந்தக் குறையும் இல்லாதவர் சும்மா ஸ்கான் செய்து பார்ப்பதை நான் ஆதரிக்கவில்லை. தென்கொரியாவில் அப்படிப் பெருமளவில் பார்த்தார்கள். 1993க்கும் 2011க்கும் இடையில் கண்டுபிடிக்கப்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோய் 15 மடங்காகியது. அதனால் இறந்தவர்களின் வீதம் மாறவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் தேவையில்லாமல் சுரப்பியை வெட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் குளிசைக்கு வந்தார்கள்.

ஆய்வுக்கு இரத்தம் தரும்படி மருத்துவ மாணவர்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள் என்பதே என் விருப்பம். மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் கையை நீட்டிய யாரோ ஒருவர் இருக்கிறார். குளிசை பற்றிய ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்தவர்கள். கிழக்கு மாகாணத்துப் பெண்ணின் உடல், உணவு, வெயில் பற்றிய விடை இங்கிருந்துதான் வரவேண்டும்.

ஆனால் கேட்டுக் கொடுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா, விளக்கக் கடிதம் தமிழில் இருக்கிறதா, பெயர் வெளியே போகாதா, முடிவை எனக்குச் சொல்வீர்களா? எந்த நேரத்திலும் விலகலாம்; விலகினால் உங்கள் கிளினிக் சிகிச்சை மாறக்கூடாது.

வெள்ளம் வந்து இடம்பெயர்ந்தால், அல்லது மருந்து கிடைக்காவிட்டால்?

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஊரே தவித்தது. தைரொக்சின் உடலில் மெதுவாகக் கரைவதால் நான்கைந்து நாட்கள் இல்லாமல் போனாலும் பெரியவர் ஒருவருக்கு உயிராபத்து இல்லை. பதற வேண்டாம். வாரக்கணக்காக நீளவிடவும் வேண்டாம். வேறு கம்பனியின் குளிசைக்கு மாறினால் ஆறு வாரத்தில் ரி.எஸ்.எச். பாருங்கள்.

வெள்ளக் காலத்துக்கு முன்னரே இரண்டு வாரக் குளிசையைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து, தண்ணீர் புகாத பையில் கட்டி வையுங்கள். வெயிலும் ஈரமும் படும் யன்னலோரத்தில் மருந்து இருக்கக்கூடாது. முகாமில் குளிசை பங்கிட வேண்டிய நிலை வந்தால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதலில் கொடுங்கள். அவர்களால் மட்டும் காத்திருக்க முடியாது. அங்கே வரும் சுகாதார உத்தியோகத்தரிடம் அவர்களின் பெயரையும் மருந்தின் அளவையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.